விளையாட்டு வினையாகலாமா?

கோடை பிறந்துவிட்டால் நம் வடசென்னைக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு வீடு கொள்ளாது. பள்ளிகள் மூடப்பட்டிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம் ஆதலால், காசிமேட்டு விசைப்படகுகளும் கரையிலே கட்டிக் கிடக்கும். வெயில் தணியும் வேளையில் இராயபுரம் தொட்டு எண்ணூர் வரை இளைஞர் கூட்டம் கடலில் இறங்கிவிடுகிறது. நீந்துவதும், கருங்கற்களின் மேலேறிக் குதிப்பதும், தெர்மோகோல் பலகையில் படுத்து அலையேறி வருவதும் அவர்களுக்குப் பெருமகிழ்ச்சி. கடலின் பிள்ளைகள் கடலில் விளையாடுவதைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால் அவ்விளையாட்டில் தோளும் முழங்காலும் படும் பாட்டையும், அதன்பின் வீடுகளில் நிகழும் தவறுகளையும் பற்றிப் பெற்றோரிடம் பேசாதிருக்க மனம் ஒப்பவில்லை.

ஒரு மகனின் கதை

நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்று. தந்தை விசைப்படகில் தொழிலுக்குச் செல்பவர். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்த மகன், மே மாதத்தில் ஒரு மாலை, பெரிய அலையொன்றை நோக்கிக் கையை உயர்த்திப் பாய்ந்தான். அலை அவனைப் புரட்டிக் கரையில் அறைந்தது. எழுந்தபோது வலத்தோள் சரிந்து தொங்கிற்று. உடனிருந்த தோழர் இருவர் அவன் கையைப் பற்றி இழுத்தனர். மூட்டு உள்ளே சென்றது. வீட்டில் எண்ணெய் தடவி நீவினார்கள்; துணியால் கட்டுப் போட்டார்கள். பத்து நாளில் வலி அடங்கிற்று. எக்ஸ்ரே எடுக்கவில்லை, மருத்துவரைக் காணவுமில்லை.

தடைக்காலம் முடிந்து படகுகள் புறப்பட்டபோது தந்தையோடு அவனும் ஏறினான். மூன்றாம் நாள், நடுக்கடலில் வலையை இழுக்கையில், அதே தோள் மீண்டும் நழுவிற்று. கரை சேரும்வரை அவன் பட்ட வேதனை சொல்லி முடியாது. "வலி இல்லேன்னு சொன்னான் சாமி, அதான் அனுப்பினோம்" என்று அத்தாய் நம்மிடம் அழுதார்.

அவர் மேல் குற்றமில்லை. வலி அடங்குவது வேறு, மூட்டு ஆறுவது வேறு என்பதை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

நழுவும் தோள்

நம் உடலின் மூட்டுகள் அனைத்திலும் மிக அதிகமாகச் சுழலக்கூடியது தோள்மூட்டே. ஆகவே, எளிதில் நழுவக்கூடியதும் அதுவே. மேற்கை எலும்பின் தலை பந்து போன்றது. அதைத் தாங்கும் குழியோ ஆழமற்ற சிறு தட்டுப் போன்றது. பந்தைத் தட்டின்மேல் நிறுத்தி வைப்பவை சுற்றிலுமுள்ள தசைகளும், தசைநார்களும், குழியின் விளிம்பிலுள்ள குருத்தெலும்பு வளையமுமே. கை உயர்ந்து வெளிப்புறமாக விரிந்திருக்கும்போது அலை அதைப் பின்னோக்கித் தள்ளினால், பந்து பெரும்பாலும் முன்பக்கமாக நழுவிவிடும். அப்போது விளிம்பு வளையமும் கிழியக்கூடும். அது சரியாக ஆறாவிடில் மூட்டு மீண்டும் மீண்டும் விலகும். இருபது வயதுக்குட்பட்ட இளைஞர்க்கு இவ்வாபத்து மிகுதி.

தோழர்கள் கையைப் பிடித்து இழுப்பது ஏன் தவறு? மூட்டு விலகும்போது எலும்பும் முறிந்திருக்கலாம். அருகே ஓடும் நரம்பும் இரத்தக் குழாயும் அறியாதவர் இழுப்பினால் சேதமுறலாம். தோளின் வெளிப்புறம் மரத்துப்போனாலும், விரல்கள் குளிர்ந்து வெளுத்தாலும் கணமும் தாமதிக்கலாகாது.

கல்லில் உடையும் முழங்கால்

நம் கரையில் மணல் குறைந்து கல் மிகுந்ததற்கு ஒரு காரணமுண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபின், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணல் தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றது; வடக்கே நம் கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளும், கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளுமே இன்று நம் பிள்ளைகளின் விளையாட்டுத் திடல்.

பாசி படர்ந்த அப்பாறையிலிருந்து குதிப்பவனின் பாதம் இடுக்கில் சிக்க, உடல் மறுபுறம் திரும்பினால், முழங்கால் முறுக்கிக்கொள்கிறது. நம் மக்கள் 'ஜவ்வு' என்று கூறும் தசைநார் அப்போது அறுபடலாம். உள்ளே ஏதோ அறுந்தது போன்ற உணர்வு, சில மணி நேரத்திற்குள் பெருவீக்கம், நடக்கையில் கால் நிலைகொள்ளாமை ஆகியவை அதன் அடையாளங்கள். முழங்கால் மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நீட்ட இயலாமற்போனால், மூட்டுக்கு மெத்தை போன்ற குருத்தெலும்பு கிழிந்திருக்கலாம். ஆடும் படகின் தளத்தில் நின்று தொழில் செய்ய வேண்டியவனுக்கு உறுதியற்ற முழங்கால் எத்தகைய இடையூறு என்பதை நாம் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

உடனே செய்யத்தக்கவை

முதலில் பிள்ளையை நீரிலிருந்து கரையேற்றுங்கள். தோள் நழுவியவனால் நீந்த இயலாது. முழங்கையை மடக்கி, கை எந்த நிலையில் வலி குறைவோ அந்நிலையிலேயே வைத்து, துண்டாலோ தாவணியாலோ தூளிபோற் கட்டுங்கள். காலாயின் அசையாமல் நீட்டி, சற்று உயர்த்தி வையுங்கள். ஐஸ் கட்டிக்கு நம் பகுதியில் பஞ்சமில்லை. அதைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வரை ஒத்தடம் கொடுங்கள். தோலின்மேல் நேரே வைக்க வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு எண்ணெய் நீவுதலும் வெந்நீர் ஒத்தடமும் கூடா. அவை வீக்கத்தை மிகுவிக்கும்.

தலைகீழாகப் பாய்ந்து கழுத்தில் அடிபட்டிருந்தாலோ, கைகால்கள் செயலற்றுப்போனாலோ, தலையையும் கழுத்தையும் அசைய விடாமல் 108 ஆம்புலன்சை அழையுங்கள். மற்ற காயங்களுக்கு நமக்கு அருகிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை உள்ளது. கட்டுப் போடுவது யாராயினும், அதற்கு முன் எக்ஸ்ரே எடுக்கப்பட வேண்டும் என்பதில் உறுதியாயிருங்கள்.

ஆறும் காலம்

தோள் முதன்முறை நழுவினால் இரண்டு மூன்று வாரம் தூளி. அதன்பின் பிசியோதெரபி என்னும் இயன்முறைப் பயிற்சி. பாரம் இழுக்குமளவு வலிமை திரும்ப மூன்று மாதமேனும் ஆகலாம். முழங்கால் தசைநாருக்கு அறுவை சிகிச்சை நேர்ந்தால், மீண்டும் விளையாட ஒன்பது மாதம் வரையோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். தடைக்காலமோ 61 நாள்கள்தான். மே மாதத்தில் நழுவிய தோள் ஜூன் 15-இல் வலை இழுக்க ஆயத்தமாயிராது. கணக்கு இவ்வளவே.

கோவளத்தைப் பாருங்கள். அங்கே மீனவர் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் அலைச்சறுக்குப் பள்ளி ஒன்றை உருவாக்கினார். மீனவப் பிள்ளைகள் பலர் அக்கலையில் தேர்ந்தனர். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடைபெற்றது. முறையாகக் கற்பவர், நீரில் இறங்குமுன் உடலைச் சூடேற்றுகின்றனர். தோள் தசைகளைப் பயிற்சியால் வலுப்படுத்துகின்றனர். அலையையும் ஆழத்தையும் கணித்த பின்னரே பாய்கின்றனர். நம் பிள்ளைகளுக்குத் துணிவு குறைவில்லை. இந்த ஒழுங்குதான் வேண்டும். ஆழம் தெரியாத இடத்தில் குதிக்காதே, பாசிப் பாறையில் ஏறாதே, தனியே இறங்காதே என்னும் மூன்றையும் வீட்டில் தந்தையே சொல்லட்டும்.

இரண்டு மாதம் அடுப்பு தணிந்திருந்த வீட்டில், மேலும் ஒருவன் வேலையின்றி அமர்ந்திருப்பது பெரும் பாரம் என்பதை நாம் அறிவோம். எனினும், மூன்று மாதம் பொறுப்பதா, முப்பது ஆண்டுகள் நழுவும் தோளோடு வாழ்வதா என்று சிந்தியுங்கள். நாம் கூறிய அந்த மகன் இப்போது ஒழுங்காகப் பயிற்சி செய்து வருகிறான். "எப்போது படகேறுவாய்?" என்று கேட்டோம். "டாக்டர் சொன்ன பிறகுதான் சாமி" என்றான். அருகில் நின்ற தந்தை மறுத்தொன்றும் சொல்லவில்லை. நமக்கு அதுவே நிறைவாயிருந்தது.