சுவர் இல்லாத நூலகம்!

குட்டி நண்பர்களே, முதலில் ஒரு கதை கேளுங்கள்.

கதை நடப்பது 23-ஆம் நூற்றாண்டில். பல கிரகங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டமைப்பு நடத்துகின்றன. எல்லாக் கிரகத்தாரும் கண்டறிந்த விஷயங்களை ஒரே இடத்தில் சேர்த்துவைக்க, சின்னஞ்சிறு கோள் ஒன்றில் பெரிய நூலகம் அமைக்கிறார்கள். அதன் பெயர் 'மெமரி ஆல்ஃபா'. மெமரி என்றால் நினைவு. ஆல்ஃபா என்பது கிரேக்க மொழியின் முதல் எழுத்து, நம் 'அ' மாதிரி. எல்லோருக்கும் பொதுவான இடம்தானே, இதற்குக் காவல் எதற்கு என்று பாதுகாப்புக் கவசம் எதுவும் போடாமல் விட்டுவிடுகிறார்கள். ஒருநாள் விண்வெளியில் திரிந்த விசித்திர ஒளிக்கூட்டம் ஒன்று புயல்போல அங்கே புகுந்தது. சேர்த்துவைத்த அத்தனை தகவல்களும் அழிந்துபோயின. அங்கே வேலை பார்த்தவர்களும் இறந்துபோனார்கள்.

இது 'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 1969 ஜனவரி 31 அன்று ஒளிபரப்பான கதை. இதைத் தன் கணவரோடு சேர்ந்து எழுதியவர் ஷாரி லூயிஸ். இவர் யார் தெரியுமா? கையில் ஆட்டுக்குட்டி பொம்மையை மாட்டிக்கொண்டு, அது பேசுவதுபோலப் பேசிக் குழந்தைகளைச் சிரிக்கவைத்த பொம்மலாட்டக் கலைஞர்!

கதையில் அழிந்த அந்த நூலகத்தின் பெயரில் இன்று நிஜமாகவே ஒரு நூலகம் இருக்கிறது. அது இருப்பது கோளில் அல்ல, இணையத்தில். 2003-ஆம் ஆண்டின் இறுதியில் டான் கார்ல்சன், ஹாரி டோடெமா என்ற இரண்டு ரசிகர்கள் அதைத் தொடங்கினார்கள். ஸ்டார் டிரெக் கதைகளில் வரும் மனிதர்கள், விண்கலங்கள், கிரகங்கள், விலங்குகள், ஏன், அவர்கள் சாப்பிடும் பலகாரம்வரை ஒவ்வொன்றுக்கும் கட்டுரை எழுத வேண்டும் என்பது அவர்கள் ஆசை. இரண்டு பேரால் முடிகிற வேலையா அது? எனவே, 'யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம்' என்று கதவைத் திறந்துவிட்டார்கள்.

இப்படி எல்லோரும் சேர்ந்து எழுதும் தளத்துக்கு 'விக்கி' என்று பெயர். ஹவாய்த் தீவு மக்களின் மொழியில் 'விக்கி விக்கி' என்றால் சீக்கிரம் சீக்கிரம் என்று பொருள். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரும் அதுதான். அதைப் பார்த்து வார்டு கன்னிங்காம் என்ற கணினி அறிஞர் 1995-இல் தன் கண்டுபிடிப்புக்கு அந்தப் பெயரை வைத்தார். நீங்கள் வீட்டுப்பாடத்துக்குப் புரட்டும் விக்கிப்பீடியா அதற்குப் பிறகு, 2001-இல் பிறந்தது.

மெமரி ஆல்ஃபா மளமளவென்று வளர்ந்தது. இன்று அதன் ஆங்கிலப் பதிப்பில் மட்டும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. ஜெர்மன், பிரெஞ்சு, டச்சு எனப் பிற மொழிகளிலும் ரசிகர்கள் எழுதியிருக்கிறார்கள். எழுதுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பள்ளி, அலுவலகம் முடிந்து வந்து, இரவில் உட்கார்ந்து எழுதுபவர்கள்தான் அதிகம்.

அவர்கள் எழுதும் விதம் ஒரு விளையாட்டு! கதைக்குள் நடந்ததைப் பற்றி எழுதும்போது எல்லாம் என்றோ நடந்து முடிந்துவிட்டதுபோல, இறந்த காலத்தில்தான் எழுத வேண்டும். 'கேப்டன் கிர்க் 2233-இல் பிறந்தார்' என்று எழுதுவார்கள். 2233 வர இன்னும் இருநூறு ஆண்டுகளுக்குமேல் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். தொலைதூர எதிர்காலத்தில் உட்கார்ந்து பழைய வரலாறு எழுதும் ஆசிரியராகத் தங்களை அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். (அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ரிவர்சைடு என்ற சிற்றூர், கிர்க் 'பிறக்கப்போகும் ஊர்' என்று கல்லே நட்டுவைத்திருக்கிறது. அவர்களுக்கு இவர்கள் தேவலை!)

விளையாட்டு என்றாலும் விதி கடுமை. எந்தத் தகவல் எந்தக் கதையில் வந்தது என்று கட்டாயம் குறிப்பிட வேண்டும். நான் வகுப்பில் பாடம் நடத்தியபோது, யாராவது ஒரு பதிலை அடித்துச் சொன்னால், "எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டு பார்க்கலாம்" என்பேன். பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள். மெமரி ஆல்ஃபாவிலும் அதே கேள்விதான். தொலைக்காட்சித் தொடரிலோ திரைப்படத்திலோ வந்தால்தான் அது சான்று. கதைப் புத்தகத்திலும் படக்கதையிலும் வந்ததெல்லாம் செல்லாது! இதனால் நிறையச் சண்டை. புத்தகங்களை விரும்பியவர்கள் என்ன செய்தார்கள்? 'மெமரி பீட்டா' என்று தனித் தளம் நடத்தினார்கள். பீட்டா என்பது கிரேக்கத்தின் இரண்டாம் எழுத்து. கோபித்துக்கொண்டு போனாலும் பெயரில் சொந்தம் விடவில்லை பாருங்கள்.

சரி, யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் குறும்புக்காரர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டால்? கதையில் வந்த நூலகத்துக்கு நேர்ந்த கதிதானே இதற்கும்? அப்படி ஆகாது. ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் ஒரு பதிவேடு இருக்கிறது. யார், எப்போது, எந்தச் சொல்லை மாற்றினார் என்பதெல்லாம் அதில் பதிவாகும். பழைய வடிவங்கள் பத்திரமாக அடியில் கிடக்கும். ஒருவர் மெனக்கெட்டு கிறுக்கியதை, அடுத்து வருபவர் ஒரு நொடியில் பழையபடி ஆக்கிவிடலாம். சுவர் கட்டிக் காப்பது ஒரு வழி. இவர்கள் சுவரே கட்டாமல், கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே காக்கிறார்கள்.

இன்னொரு ஆபத்து உண்டு. அதை எளிதில் தடுக்க முடியாது. இணையதளம் என்றால் அதை வைத்திருக்கக் கணினி வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். முன்பு 'ஜியோசிட்டீஸ்' என்ற நிறுவனத் தளத்தில் ரசிகர்கள் இலவசமாகப் பக்கங்கள் வைத்திருந்தார்கள். 2009 அக்டோபரில் அதை மூடியபோது எத்தனையோ பேரின் உழைப்பு காணாமல் போயிற்று. ஓடிவந்து சில தன்னார்வலர்கள் படியெடுத்து வைத்தது மட்டும் மிச்சம். மெமரி ஆல்ஃபா 2005-இல் 'விக்கியா' என்ற நிறுவனத்தின் கணினிகளுக்கு இடம் மாறியது. அந்த நிறுவனம்தான் பிறகு 'ஃபேண்டம்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. பராமரிப்புக் கவலை தீர்ந்தது. பதிலுக்குப் பக்கமெல்லாம் விளம்பரம் வந்தது. எழுதுவது ரசிகர்கள், விளம்பரக் காசு நிறுவனத்துக்கு. இது நியாயமா என்று ரசிகர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. 'மைன்கிராஃப்ட்' விளையாட்டின் விக்கியை எழுதியவர்கள் 2023-இல் அங்கிருந்து வெளியேறித் தனியே போய்விட்டார்கள். எனக்கென்னவோ அவர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று படுகிறது.

இணையம் வருவதற்கு முன்பே இந்த ரசிகர்கள் இப்படித்தான்! ஸ்டார் டிரெக் 1966-இல் தொடங்கியது. இரண்டாவது ஆண்டிலேயே, போதிய பேர் பார்க்கவில்லை, தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. பீஜோ டிரிம்பிள் என்ற பெண்மணியும் அவர் கணவர் ஜானும் நாடெங்கும் உள்ள ரசிகர்களுக்குக் கடிதம் எழுதி, "என்.பி.சி. நிறுவனத்துக்கு எழுதுங்கள்" என்றார்கள். எழுதினார்கள் பாருங்கள், ஒரு லட்சத்துக்கும் மேல்! கலிஃபோர்னியாவில் கால்டெக் மாணவர்கள் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலமே போனார்கள். 1968 மார்ச் 1 அன்று, 'தொடர் நிற்காது, தயவுசெய்து இனி எழுதாதீர்கள்' என்ற பொருளில் தொலைக்காட்சியிலேயே அறிவிக்கவேண்டி வந்தது.

அப்படிக் கிடைத்த மூன்றாவது ஆண்டில் வந்ததுதான் நாம் முதலில் பார்த்த நூலகக் கதை. கடிதங்கள் போகாதிருந்தால் மெமரி ஆல்ஃபா என்ற பெயரே இருந்திருக்காது!

அதே பீஜோ, டோரதி ஜோன்ஸ் என்ற ரசிகை அட்டை அட்டையாக எழுதிவைத்த குறிப்புகளைத் தொகுத்து, 1969-இல் தாங்களே ஒரு ஸ்டார் டிரெக் தகவல் நூலையும் வெளியிட்டார். அப்போது வீட்டில் வீடியோ கருவி ஏது? திரும்பப் போட்டுப் பார்க்க வழியே இல்லை. ஓடும்போதே பார்த்து, காதில் விழுந்ததைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1976-இல் ஒரு பெரிய பதிப்பகம் அதை அச்சிட்டது. அதே ஆண்டு ரசிகர்கள் மறுபடி கடிதம் எழுதி, அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்துக்குத் தொடரில் வரும் கலத்தின் பெயரான 'எண்டர்பிரைஸ்' என்பதைச் சூட்டவைத்தார்கள். பாவம், அந்த ஓடம் சோதனைக்காக வானில் பறந்ததோடு சரி. விண்வெளிக்குப் போகவே இல்லை. இப்போது நியூயார்க்கில் ஓர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

அழிந்த நூலகத்தின் கதை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அந்த நூலகத்துக்குப் புதுக் கருவிகள் அமைக்க வந்த இளம்பெண் மீரா ரோமெய்ன் உயிர் பிழைத்துவிடுகிறாள். கேப்டன் கிர்க் கலத்தை மறுபடி அந்தக் கோளுக்கே திருப்பச் சொல்கிறார். அவளுக்கு அங்கே நிறைய வேலை காத்திருக்கிறது.