அறுவைக்குப் பின்னும் மருந்து எதற்கு?

கழுத்திலோ குடலிலோ தோன்றிய கட்டியை அறுத்து எடுத்தாயிற்று, புண்ணும் ஆறிவிட்டது. அந்நிலையில் மருத்துவர், "இது நிணநீர்ப் புற்றுநோய்; வேதிமருந்தும் ஏற்க வேண்டும்" என்கிறார். "கட்டிதான் போயிற்றே, இனி நஞ்சனைய மருந்து எதற்கு?" என்று நோயாளர் வினவுகிறார். நியாயமான வினாவே. அதற்கு விடை காண, நிணநீர் யாதென முதலில் அறிதல் வேண்டும்.

நிணம் என்பது கொழுப்பு. குடல் உறிஞ்சும் கொழுப்பைச் சுமந்து செல்வதால் நிணநீர் என்னும் பெயர் நன்கு பொருந்துகிறது. அஃது உடலெங்கும் நுண்குழாய்களில் ஓடுகிறது. வழியில் நூற்றுக்கணக்கான கணுக்கள் உள்ளன. அவற்றில் உறையும் வெள்ளணுக்களே இந்நோயில் கேடுற்றுப் பெருகுகின்றன. ஆதலின் ஓரிடத்துக் கட்டியை நீக்கினும், கண்ணுக்குப் புலனாகாத தீய அணுக்கள் பிறவிடங்களில் தங்கியிருக்கக்கூடும். இந்நோயில் அறுவை பெரும்பாலும் நோயின் வகையைத் துணிவதற்கே பயன்படுகிறது. நோயை முற்றும் களைவதற்கன்று.

1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் என்னும் அறிஞர்களின் ஆய்வின் பயனாக, இந்நோயாளர் ஒருவருக்கு நைட்ரஜன் மஸ்டர்டு செலுத்தப்பட்டது. கட்டிகள் கரைந்தன, பின்னர் மீண்டும் வளர்ந்தன. ஒரு மருந்து போதாது என்று கண்ட பின்னரே கூட்டுமருந்து முறை உருவாயிற்று. அக்கூட்டில் இன்றும் இடம்பெறும் வின்கிரிஸ்டின், நம் வீட்டு முற்றத்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைப்பது. 1997இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிட்டுக்ஸிமாப் அதனுடன் சேர்ந்தபின் பயன் மேலும் பெருகிற்று.

எனினும் எல்லார்க்கும் ஒரே விடை இல்லை. விரைந்து வளரும் பெரிய பி-அணு வகையாயின், கட்டியை அகற்றியிருப்பினும் மருந்து இன்றியமையாதது. வழக்கமாக 21 நாளுக்கு ஒருமுறை எனப் பல சுற்றுகள் தரப்படும். பலர் முற்றும் குணமடைகின்றனர். தயங்கி நாள் கடத்தினால் அவ்வாய்ப்பே கைநழுவும். மெல்ல வளரும் பாலிக்குலர் வகையிலோ, தொல்லை இல்லாதவரை உடனே மருந்து தராது கண்காணித்து வருவதும் உண்டு. இரைப்பையில் கிருமியால் தோன்றும் ஒருவகை, கிருமிக்கொல்லி மருந்தாலேயே பலருக்கு அடங்கிவிடுகிறது.

ஆகவே, "வேண்டுமா, வேண்டாவா?" என்பதற்கு முன் கேட்கவேண்டியவை சில உள. நோய் எவ்வகை? எவ்வளவு பரவியுள்ளது? இதயம் மருந்தைத் தாங்குமா? பின்னர் மகப்பேறு விரும்புவோர் முன்னதாகச் செய்யவேண்டியது யாது? மயிர் உதிர்ந்தாலும் மீண்டும் முளைக்கும். ஆயின் சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவமனை செல்லவேண்டும்.

மருந்தின் துன்பம் கண்முன் நிற்கிறது. எஞ்சிய நோயோ மறைந்து நிற்கிறது. இரண்டையும் ஒப்ப நிறுத்துப் பார்த்தபின் எடுக்கும் முடிவே அறிவுடைய முடிவாகும்.