பெர்லினில் சனி, ஞாயிறு: உப்பு வாங்க மறந்தால் திங்கள் வரை காத்திருக்க வேண்டும்!

பெர்லின் நகரில் படிக்கும் நம் நாட்டு மாணவர்கள், வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு முடிந்ததும் முதலில் செய்வது சினிமாவுக்குக் கிளம்புவது அல்ல. மறுநாள் என்னென்ன வாங்க வேண்டும் என்று பட்டியல் போடுவதுதான். சனிக்கிழமை வாங்கத் தவறினால் திங்கட்கிழமை வரை உப்புக்கும் திண்டாட்டம்.

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. இது வியாபாரிகள் தாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம் அன்று. ஞாயிறும் பண்டிகை நாட்களும் ஓய்வுக்கு உரியவை என்று 1919-ம் ஆண்டு வெய்மார் அரசியல் சட்டத்தின் 139-வது பிரிவு கூறிற்று. 1949-ல் வந்த சட்டமும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்க பெர்லின் மாநிலம் அனுமதித்தபோது, கிறிஸ்தவ சபைகள் வழக்குத் தொடுத்தன. அந்த அனுமதி செல்லாது என்று 2009-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய ரெயில் நிலையங்களுக்குள் உள்ள சில கடைகளுக்கு விதிவிலக்கு உண்டு. ஞாயிறன்று அவற்றில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் தாதர் ஸ்டேஷன் நினைவு வரும்.

கறிவேப்பிலை கிடைக்கும் இடம்

ஆகவே சனிக்கிழமை காலையில் இரண்டு பேர் பையோடு புறப்படுகிறார்கள். வெண்டைக்காய், பச்சை மிளகாய், கொத்துமல்லிக்குத் துருக்கியர் கடை. 1961-ல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் செய்து ஆலைகளுக்கு ஆள் எடுத்தது. சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்றுதான் அப்போது நினைத்தார்கள். வந்தவர்கள் குடும்பத்தை வரவழைத்துக் குடியேறினார்கள். கிராய்ஸ்பெர்க், நொய்க்கோல்ன் பகுதிகளில் இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கல்லாவில் அமர்ந்திருக்கிறார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் இலங்கைத் தமிழர் கடைக்குப் போக வேண்டும். 1980-களின் முற்பகுதியில் கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரெயிலில் மேற்கு பெர்லினுக்கு வந்து அடைக்கலம் கேட்டவர்கள் பலர். கிழக்கு ஜெர்மானியர் தாண்ட முடியாத சுவரைத் தமிழர்கள் ரெயிலில் தாண்டினார்கள் என்பது சரித்திரத்தின் விந்தைகளில் ஒன்று. பிரிட்ஸ் பகுதியில் அவர்கள் முருகனுக்குக் கோவிலும் வைத்திருக்கிறார்கள்.

பிறகு சமையல். நாலு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தால், எட்டுப் பேராவது சாப்பிட வருவார்கள். மாட்டுங்காவில் ஒரே அறையில் தங்கி முறை வைத்துச் சமைத்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தோசை மாவுதான் தொல்லை கொடுக்கும். குளிர்காலத்தில் அது புளிக்காது. மின்சார அடுப்புப் பெட்டிக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு, இரவு முழுவதும் மாவை அதனுள் வைத்துவிடுகிறார்கள். காலையில் பொங்கியிருக்கும். மாவை மட்டும் சனிக்கிழமையே அரைத்துவிட வேண்டும்! ஞாயிறன்று மிக்சியை ஓட்டினால் பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டுவார். காலி பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போடும் ஓசைகூட அன்று ஆகாது.

விமானம் இல்லாத விமான நிலையம்

ஞாயிறு பிற்பகல் அவர்கள் விரும்பிப் போகும் இடங்களில் ஒன்று டெம்பல்ஹோப் மைதானம். ஒரு காலத்தில் அது விமான நிலையம். 1948-ல் சோவியத் படை தரைவழிகளை அடைத்தபோது, மேற்கு பெர்லின் மக்களுக்கு மாவும் நிலக்கரியும் சுமந்துகொண்டு விமானங்கள் மாதக்கணக்கில் இங்கே இறங்கின. 2008-ல் நிலையம் மூடப்பட்டது. 2010-ல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 300 ஹெக்டேர் அளவுள்ள இந்த நிலத்தின் ஓரங்களில் வீடு கட்ட அரசு திட்டமிட்டது. 2014-ல் நடந்த பொது வாக்கெடுப்பில் மக்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வாடகை ஏறிக்கொண்டே போகும் நகரத்தில் அது சரியான முடிவுதானா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அறை தேடி அலைந்த மாணவனைக் கேட்டால் ஒரு பதில். அங்கே பட்டம் விடும் மாணவனைக் கேட்டால் வேறு பதில். இரண்டு பேரும் ஒருவராகவே இருப்பதும் உண்டு.

ஓடுபாதையில் சைக்கிள் விடலாம், புல்லில் படுத்துக் கிடக்கலாம். கட்டணம் இல்லை. ஜூன் மாதத்தில் ஒன்பதரை மணி வரை வெயில். டிசம்பரிலோ மாலை நாலு மணிக்கே இருட்டு. அந்த இருட்டு மாதங்களில்தான் நண்பர்கள் அதிகம் தேவைப்படுகிறார்கள்.

நூறு ரூபாய்க் கணக்கு

இந்த ஓய்வுக்குப் பின்னால் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. பெர்லின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான படிப்புகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. ஆறு மாதத்திற்கு ஒருமுறை கட்டும் தொகையில் பஸ், ரெயில் சீட்டும் அடங்கிவிடுகிறது. தனியார் கல்லூரிகளின் கதை வேறு. அங்கே லட்சக்கணக்கில் கட்ட வேண்டும். எந்தக் கல்லூரி எந்த வகை என்பதை ஏஜெண்டிடம் பணம் கொடுப்பதற்கு முன்பே பெற்றோர் விசாரித்துக்கொள்வது நல்லது. எங்கே படித்தாலும், விசாவுக்கு ஒரு வருடச் செலவாக 11,904 யூரோவை வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த அளவு. யூரோ ஒன்றுக்கு நூறு ரூபாய் என்று வைத்தாலும் சுமார் 12 லட்சம். கடனோ, நகையோ, நிலமோ அதற்குள் இருக்கும்.

அதனால் பகுதி நேர வேலை. 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாட்கள் அல்லது 280 அரை நாட்கள் வேலை செய்யலாம். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. வார இறுதி வேலைக்கு ஆள் கேட்பது அதிகம். ஆனால் பல பல்கலைக்கழகங்களில் ஒரே பாடத்தில் மூன்று முறை தவறினால் அந்தப் படிப்பே போய்விடும். சனி, ஞாயிறை வேலைக்குக் கொடுப்பதா, பாடத்துக்குக் கொடுப்பதா, நண்பர்களுக்குக் கொடுப்பதா என்பது வாராவாரம் வரும் தலைவலி.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டுக்கு டெலிபோன். கோடையில் இங்கே அப்போது பகல் ஒன்றரை மணி, குளிர்காலத்தில் இரண்டரை. அம்மா கேட்பது, என்ன சமைத்தாய் என்று. தோசை, சாம்பார் என்ற பதில் பொய்யில்லை. அன்று மாலை ஆறு மணிக்கு, சாப்பாட்டுப் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கப் போவதை மட்டும் சிலர் சொல்வதில்லை. ஞாயிறு விடுமுறை கடைகளுக்குத்தான், ஓட்டல்களுக்கு இல்லை.