பிரேக் உறுப்புகளை வாங்குமுன் நாம் கவனிக்க வேண்டியவை

தோட்டப்புற மக்களுக்கு இன்று கார் ஆடம்பரப் பொருளன்று. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், நோயாளிகளை மருத்துவமனையில் சேர்க்கவும், பட்டணத்திலிருந்து சாமான்கள் வாங்கி வரவும் அது பயன்படுகின்றது. பழைய காராயினும் அதன் பிரேக் நல்ல நிலையில் இருத்தல் இன்றியமையாதது. பிரேக் பேட்டுகளும் டிஸ்குகளும் தேய்ந்து போகும்போது, அசல் உறுப்புகளுக்குப் பதிலாகப் பிற நிறுவனங்கள் தயாரிக்கும் மாற்று உறுப்புகளை நம்மில் பலர் வாங்குகின்றோம். அதில் தவறில்லை. விலையை மட்டும் பார்த்து வாங்குவதே ஆபத்தாகும்.

பிரேக் இயங்கும் விதம்

பிரேக்கை மிதித்ததும், சக்கரத்தோடு சுழலும் இரும்பு டிஸ்கை இரு பேட்டுகள் இருபுறமும் கவ்விப் பிடிக்கின்றன. அந்த உராய்வில் கடும் வெப்பம் உண்டாகின்றது. மட்டமான பேட் சூடேறியதும் பிடிமானத்தை இழந்துவிடும்.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒரு வினாடியில் 25 மீட்டர் கடக்கின்றது. காய்ந்த சாலையில், பிரேக் பிடித்தபின் சுமார் 40 மீட்டரில் நிற்க வேண்டிய கார், பிடிமானம் கால் பங்கு குறைந்தால் 53 மீட்டர் வரை ஓடும். அந்த 13 மீட்டருக்குள் சாலையைக் கடக்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம்.

எந்த வகை பேட் ஏற்றது?

நார்ப்பொருள்களும் பிசினும் கலந்த பேட் மென்மையானது, ஓசை எழுப்பாது, ஆயினும் விரைவில் தேயும். உலோகத்தூள் மிகுந்த பேட் வெப்பத்தை நன்கு தாங்கும். மலைப்பாதையில் பாரம் ஏற்றிச் செல்வோருக்கு ஏற்றது. ஆனால் ஓசையும் தூசியும் அதிகம், டிஸ்கையும் தேய்க்கும். செராமிக் பேட் ஓசையும் தூசியும் குறைந்தது, விலை கூடியது. அன்றாடப் பயணத்திற்கு அசல் பேட் எவ்வகையோ அவ்வகையையே தேர்ந்தெடுப்பது நலம். பந்தயக் கார்களுக்கான பேட் நன்கு சூடேறிய பின்னரே பிடிக்கும். அது நமக்கு உதவாது.

முத்திரையைப் பாருங்கள்

ஐக்கிய நாடுகள் அமைப்பின் 90ஆம் எண் விதிமுறைப்படி, மாற்றுப் பேட்டின் செயல்திறன் அசல் பேட்டிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் வேறுபடலாகாது. அச்சோதனையில் தேறிய பேட்டில், வட்டத்திற்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும், அருகில் '90ஆர்' என்ற குறியும் இருக்கும். சில பேட்டுகளில் 'எப்எப்' போன்ற ஈரெழுத்துகளும் காணப்படும். முதலெழுத்து குளிர்ந்த நிலையிலும், இரண்டாவது சூடான நிலையிலும் உள்ள உராய்வைக் குறிக்கும். அவை உராய்வின் அளவைக் காட்டுமேயன்றித் தரத்தைக் காட்டமாட்டா.

டிஸ்கை மாற்றும்போது

டிஸ்கின் குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் அதன்மீதே பொறிக்கப்பட்டிருக்கும். தேய்மானம் அந்த அளவை எட்டினாலோ, வெடிப்பு தென்பட்டாலோ உடனே மாற்ற வேண்டும். துளையிட்ட டிஸ்க் பார்வைக்கு அழகாயினும் அன்றாடக் காருக்குத் தேவையில்லை. பேட்டுகளையும் டிஸ்குகளையும் ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுவோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கையில் கார் ஒருபுறம் இழுக்கும். புதிய டிஸ்கில் துருப்பிடிக்காதிருக்கப் பூசிய எண்ணெயைத் துடைத்தபின் பொருத்தச் சொல்ல வேண்டும். முதல் சில நாட்களுக்கு அவசரமின்றித் திடீர் பிரேக் போடலாகாது.

இடையிடையே சோதிப்போம்

செம்மண் பாதைகளின் சேறும் மணலும் பேட்டுகளை விரைவாகத் தேய்க்கும். ஆகவே தோட்டத்துக் கார்களை அடிக்கடி சோதித்தல் அவசியம். பேட்டின் உராய்வுப் பகுதி 3 மில்லிமீட்டராகக் குறைந்தாலோ, மிதிக்கும்போது கிறீச்சென்று ஓசை எழுந்தாலோ தாமதிக்கலாகாது. பிரேக் தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். சில பழைய பேட்டுகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் கலந்திருக்கக்கூடும்.

அடுத்தமுறை பட்டறைக்குச் செல்லும்போது, பெட்டியைப் பிரிக்குமுன் முத்திரையைக் காட்டும்படி கேட்போம். கழற்றிய பழைய உறுப்பையும் பார்ப்போம். சில வெள்ளியை மிச்சப்படுத்துவதற்காகக் குடும்பத்தின் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.