பனையைக் கட்டிக்கொண்ட ஆல்

ஊர்ப்பக்கம் பார்த்திருப்பீர்கள், நேயர்களே. ஆலமரத்தின் நடுவிலிருந்து ஒரு பனை தலை நீட்டி நிற்கும். ஆலுக்குள் பனை முளைத்ததாகவே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பனைதான் மூத்தது.

ஆலம்பழம் தின்ற காக்கையோ மைனாவோ பனையில் உட்கார்ந்து எச்சமிடும். காய்ந்த மட்டையின் அடிப்பகுதி தண்டோடு ஒட்டியே இருக்கும் அல்லவா? அந்த இடுக்கில் தூசியும் மழைநீரும் தங்கும். விதை முளைக்க அது போதும். வேர்கள் தண்டைப் பற்றியபடி கீழிறங்கும். ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஒட்டி ஒரே வேராகிவிடும். இப்படிப் பின்னிய வலைதான் பின்னாளில் தடித்து அடிமரமாகிறது.

மாமரம் போன்ற ஒன்று இதில் சிக்கினால் பிழைப்பது கடினம். அதன் உணவு ஓடும் குழாய்கள் பட்டையை ஒட்டியே இருப்பதால், இறுக இறுக அடைபடும். பனையின் அமைப்பே வேறு, அற்புதமானது. அதன் குழாய்கள் தண்டுக்குள் பரவலாகச் சிதறியிருக்கின்றன. தண்டும் ஆண்டுதோறும் பருப்பதில்லை. அதனால் இந்தப் பிடியைப் பல்லாண்டு தாங்கும். ஆலின் கிளைகள் மேலே எழுந்து வெயிலை மறைக்கும்போதுதான் அதற்கு ஆபத்து. பனைக்கு இருப்பது உச்சியில் ஒரே ஒரு குருத்துதான்; கிளைவிட்டு வேறு பக்கம் வெயில் தேட அதனால் முடியாது.