பெயரில்லாத பாட்டிலை வீட்டில் வைக்காதீர்கள்

நீலகிரியின் கட்டபெட்டு ஹட்டிகளிலும் தோட்டத்து லைன் வீடுகளிலும் சலவைத்தூளையும் லிக்விடையும் சொந்தமாகச் செய்கிறவர்கள் உண்டு. பச்சைத் தேயிலைக்கு நிலையான விலை இல்லாத ஊரில் சோப்புச் செலவைக் குறைக்க நினைப்பதில் தவறே இல்லை. என் ஆத்திரம் வேறு இடத்தில். காஸ்டிக் சோடா கரைசலைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி அடுப்படி ஓரத்தில் வைக்கிறோம். குழந்தை அதைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறோம். பிறகு பயந்துபோய் பாட்டிலைத் தேயிலைக் காட்டுக்குள் வீசுகிறோம். மூன்றுமே தவறு. மூன்றையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

காஸ்டிக் உள்ளே இறங்கும்போது ஒருமுறை வேகவைக்கும். வாந்தியில் மேலே ஏறும்போது மறுபடியும் வேகவைக்கும். புண் ஆறும்போது உணவுக்குழாய் சுருங்கி, சோறு விழுங்க முடியாமல் போகலாம். இப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்த செவாலியர் ஜாக்சன் என்ற மருத்துவர் போராடியதால், காஸ்டிக் போன்ற பொருள்களின் மேல் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று அமெரிக்கா 1927-லேயே சட்டம் போட்டது. நாம் இன்னும் பாட்டிலில் பெயர்கூட எழுதுவதில்லை.

காஸ்டிக் தேவையே இல்லை

மலை ஊற்று நீர் பெரும்பாலும் மென்நீர். சமவெளியின் உப்புத் தண்ணீருக்குப் போடும் அளவு தூள் இங்கே வேண்டாம். அளவைக் குறைத்துப் பாருங்கள். முதல் சேமிப்பு அதுதான். பருத்தித் துணிக்குத் துருவிய சலவை சோப்பும் வாஷிங் சோடாவும் போதும். ஸ்வெட்டர், கம்பளிக்கு வாஷிங் சோடா ஆகாது. பூந்திக்கொட்டை ஊறிய நீரே நல்லது. காஸ்டிக்கையும் ஆசிட் ஸ்லரியையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலக்கவே கலக்காதீர்கள்; குளோரின் வாயு கிளம்பும்.

விபத்து நடந்தால்

கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். விழுங்கியிருந்தால் வாயை மட்டும் கொப்பளிக்க வைத்து உடனே 108-ஐ அழையுங்கள். எலுமிச்சைச் சாறு, வினிகர் எதுவும் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. டெல்லி எய்ம்ஸின் தேசிய விஷத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.

பாட்டிலை வீசாதீர்கள்

பாட்டில், மீதித் திரவம், ரசீது, இவற்றின் போட்டோ எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லி, அதன் நகலைக் கேளுங்கள், அதை ஏ.ஆர். காப்பி என்பார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். “வீட்டில் நடந்ததுதானே” என்று அனுப்பிவிடப் பார்ப்பார்கள். ரசீது வாங்காமல் வந்துவிட்டால், புகார் கொடுத்ததை நாளை நிரூபிப்பது கடினம்.

விலைக்கு வாங்கிய, சரியான எச்சரிக்கையும் பயன்படுத்தும் முறையும் இல்லாத பொருளால் தீங்கு நேர்ந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-வது பிரிவுப்படி தயாரித்தவரே பொறுப்பு. ஊட்டியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக்கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வழிகாட்டுதலுக்கு நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பெண்களும் குழந்தைகளும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி பெறலாம், எண் 15100.

பாக்கெட்டில் முகவரி, எடை, விலை இல்லை என்றால் குன்னூர் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு எழுத்துமூலம் புகார் அனுப்புங்கள். அதிகாரிகள் தாமாக வந்து சோதிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

விற்கும் அக்காமார்களுக்கு

மகளிர் குழுவானாலும் சட்டம் ஒன்றுதான். பாக்கெட் போட்டு விற்றால் தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகார் எண் ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். தொடங்கிய 90 நாளுக்குள் சட்டமுறை எடையளவுப் பிரிவில் பாக்கெட் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 500 ரூபாய். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் ஏஜென்ட்டுக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள்.

இன்று இரவே அடுப்படி ஓரத்தைப் பாருங்கள். பெயரில்லாத பாட்டில் இருந்தால், அதில் என்ன இருக்கிறது என்று பெரிதாக எழுதி ஒட்டி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பூட்டுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள்.