கரையில் கடல் அமைதி... உள்ளே பேய்க்காற்று! சின்ன படகில் போறவங்க உஷார்

எம்.கே.பி. நகர்:-

எம்.கே.பி. நகர், வியாசர்பாடி பக்கம் இருந்து விடியற்காலையில் காசிமேட்டுக்கு கிளம்பி பைபர் படகில் கடலுக்கு போறவங்க உண்டு. கரையில் நின்று பார்த்தால் கடல் குளம் மாதிரி கிடக்கும். ‘இன்னைக்கு நல்ல நாள்’ என்று நம்பி போவார்கள். சில மணி நேரத்தில் திரும்ப முடியாமல் படகு தத்தளிக்கும். இது ஏன்? காற்றில் மாட்டினால் என்ன செய்யணும்? அதன் விவரம் வருமாறு:-

ஏமாற்றும் மேல்காற்று

ஜூன் முதல் ஆகஸ்டு வரை சென்னையில் காலை நேரத்தில் மேற்கில் இருந்து காற்று அடிக்கும். அது தரையில் இருந்து கடலை நோக்கி போகும் காற்று. அலை வளர தூரம் வேண்டும். கரை ஓரத்தில் அந்த தூரம் இல்லாததால் அலை சின்னதாக தெரியும். வெளியே போகப்போக பெருசாகும்.

போகும்போது காற்றே தள்ளிக்கொண்டு போகும். என்ஜினுக்கு வேலை குறைவு. திரும்பும்போது எதிர்காற்று. எண்ணெய் கூடுதலாக குடிக்கும். என்ஜின் நின்று விட்டால் படகு கரைக்கு ஒதுங்காது, ஆழ்கடலுக்குத்தான் போகும். அதனால் எண்ணெயை 3 பங்காக பிரிக்கணும். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மூன்றாவது பங்கு ஆபத்துக்கு.

வாடையில் வேற ஆபத்து

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கில் இருந்து வாடைக்காற்று. இப்போது ஆபத்து கரை ஓரத்தில்தான். அலை உடையும் இடத்தில் படகு கவிழும். எண்ணூர் முகத்துவாரத்தில் வற்றம் நேரத்தில் தண்ணீர் வெளியே பாயும், காற்று எதிரே அடிக்கும். இரண்டும் மோதினால் அலை சுவர் மாதிரி எழும்பும். ஏற்றம் வரும் வரை காத்திருந்து உள்ளே வருவதே நல்லது.

ஒரு கணக்கை மறக்கக்கூடாது. காற்றின் வேகம் 2 மடங்கு ஆனால் அது தள்ளும் பலம் 4 மடங்கு ஆகும். மணிக்கு 20 கி.மீ. காற்றை சமாளித்த படகு 40 கி.மீ. காற்றையும் தாங்கும் என்று நினைப்பது தப்பு.

மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்?

* படகின் மூக்கு அலையை பார்த்தே இருக்கணும். பக்கவாட்டில் அலை வாங்கினால் கவிழ்ந்து விடும்.

* என்ஜினை முழு வேகத்தில் விரட்டக்கூடாது. அலை ஏறும்போது கொஞ்சம் கொடுத்து, இறங்கும்போது குறைக்கணும்.

* பின்னால் இருந்து அலை வந்தால், முன்னால் போகும் அலையின் முதுகில் படகை வைத்து ஓட்டணும். அதை தாண்டி பாய்ந்தால் மூக்கு தண்ணீரில் குத்தி படகு திரும்பிவிடும்.

* யாரும் எழுந்து நிற்கக்கூடாது. வலை, ஐஸ் பெட்டி எல்லாம் நடுவில், அடியில் இருக்கணும். உள்ளே வரும் தண்ணீரை உடனே இறைக்கணும்.

* என்ஜின் நின்றால், வாளியையோ வலை மூட்டையையோ நீளக்கயிற்றில் கட்டி மூக்கு பக்கம் தண்ணீரில் விடணும். படகு காற்றை பார்த்து திரும்பி நிற்கும். அடித்துப்போகும் வேகமும் குறையும்.

* நங்கூரத்தை பின்பக்கம் கட்டவே கூடாது. அலை உள்ளே புகுந்து படகு மூழ்கும்.

* வலை படகை ஒரு பக்கம் இழுத்து சாய்த்தால், யோசிக்காமல் அறுத்து விடணும்.

‘ஒண்ணாம் நம்பர் கூண்டுதானே?’

துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கை கூண்டு ஏற்றினால் பலர் கண்டுக்கிறது இல்லை. அந்த எண், துறைமுகத்துக்கு உடனே ஆபத்து இல்லை என்றுதான் சொல்கிறது. தூரத்து கடலில் காற்று கிளம்பி விட்டது என்பதும் அதற்குள் இருக்கிறது. கப்பல்களுக்காக ஏற்றும் கூண்டை வைத்து சின்ன படகுக்காரர் தைரியம் கொள்ளக்கூடாது. வானிலை மையம் மீனவர்களுக்கு தனியாக கொடுக்கும் எச்சரிக்கையைத்தான் கேட்கணும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனமும் 2020-ல் இருந்து சின்ன படகுகளுக்கு என்றே அலை, காற்று எச்சரிக்கை கொடுத்து வருகிறது.

2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலை யாரும் மறக்க முடியாது. எச்சரிக்கை வலுத்தபோது கன்னியாகுமரி மீனவர்கள் பலர் ஏற்கனவே கடலில் இருந்தார்கள். செல்போன் சிக்னல் இல்லாத இடத்துக்கு செய்தி போய் சேரவில்லை. பல குடும்பங்கள் இன்னும் அந்த சோகத்தில் இருந்து மீளவில்லை.

அதனால் கிளம்பும் முன்பே வானிலை கேட்கணும். எந்த பக்கம் போறோம், எத்தனை மணிக்கு திரும்புவோம் என்று வீட்டில் சொல்லணும். லைப் ஜாக்கெட்டை மூட்டையில் வைக்காமல் உடம்பில் போடணும். செல்போனை பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்கணும். ஆபத்து என்றால் கடலோர காவல் படையின் 1554 இலவச எண்ணுக்கு அடிக்கலாம்.

ஒரு நாள் கடலுக்கு போகவில்லை என்றால் அன்றைய கூலி போகும், வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம்தான். ஆனால் அந்த கூலியை அடுத்த நாள் சம்பாதிக்கலாம். அறுத்து விட்ட வலையைக்கூட கடன் வாங்கி வாங்கலாம். ஆள் திரும்பி வரணும், அதுதான் முக்கியம்.